நடைவண்டியும் மட்டை வேலியும்: எங்கள் இளைஞர் மன்றம் செய்த பிள்ளை வளர்ப்புப் பணி

ஊர் இளைஞர் மன்றம் என்றால் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, கோடையில் நீர்மோர்ப் பந்தல், இடையில் ஒரு ரத்ததான முகாம். எங்கள் மன்றமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. உடன்குடிப் பக்கம், தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. இந்த முறை குடும்பம், குழந்தை வளர்ச்சி என்ற பொருளில் ஒரு பணி எடுக்கலாம் என்று முடிவானபோது, பேச்சாளர் ஒருவரை அழைத்துக் கூட்டம் போடலாம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளஸ் டூ படிக்கிற பையனை நாற்காலியில் உட்காரவைத்துப் பிள்ளை வளர்ப்பு பற்றிச் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவான். ஒரு குழந்தைக்கு ஒரு சாமானை உன் கையால் செய்து கொடு என்றால் கதை வேறு. அந்தப் பிள்ளை எவ்வளவு உயரம், அதன் உள்ளங்கைக்குள் என்ன அடங்கும், எதையெல்லாம் வாயில் வைக்கும் என்று உட்கார்ந்து பார்க்காமல் அவனால் ஒரு கட்டையைக்கூட அறுக்க முடியாது. அப்படித்தான் நடைவண்டி செய்வது என்று ஆயிற்று.

மரத்தில் கை வைப்பதற்கு முன் வீடு வீடாகப் போனோம். 2 வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீடுகளை அங்கன்வாடி டீச்சர் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரிய தாளை விரித்து, காலை 4 மணியிலிருந்து இரவு 10 மணி வரை கட்டம் போட்டு, எந்த நேரத்தில் பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டோம். பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்தே போனார்கள். பெண்பிள்ளைகள் கேட்டால் பதில் வரும், பையன்கள் கேட்டால் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். ஆச்சிமார் இருவருக்கும் ஒரே மாதிரி பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

பதநீர்க் காலம் அது. அப்பா விடியுமுன்னே பனையேறப் போய்விடுவார். பதநீர் வந்து சேர்ந்ததும் அம்மா விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அடுப்பு மூட்டி உட்கார்ந்தால், அது பாகாகித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி முடிகிறவரை அடுப்பை விட்டு எழ முடியாது. அந்த நேரம் முழுக்கத் தாளில் "ஆச்சி" அல்லது "தூளி" என்றே எழுத வேண்டியிருந்தது. ஆச்சி இல்லாத வீடுகளில் "அம்மா பக்கத்தில்" என்று எழுதினோம். பக்கத்தில் என்றால் விடிலிக்குள்ளே, கொதிக்கிற பதநீருக்கு நாலடி தள்ளி, தவழ்கிற பிள்ளை. எழுதிக்கொண்டிருந்த தம்பி அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு அடுப்பையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். நடைவண்டி மட்டும் போதாது, ஒரு வேலியும் வேண்டும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம்.

இன்னொன்றும் அந்தத் தாளில் பளிச்சென்று தெரிந்தது. பல வீடுகளில் "அப்பா" என்ற சொல் இரவு 8 மணிக்கு மேல்தான் வந்தது. அந்த அப்பாக்களைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலும் மாலையிலும் அத்தனை பனை ஏறி இறங்குகிற உடம்பு. ஆனால் மத்தியானம் உறங்கி எழுந்தபின் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது என்பதும் அதே தாளில் தெரிந்தது. வண்டி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் அந்த நேரம்தான் தோது என்று குறித்துவைத்துக்கொண்டோம்.

நடைவண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், பல வீடுகளில் பார்த்த வாக்கர். வட்டமான பிளாஸ்டிக் சட்டம், நடுவே பிள்ளை உட்காரத் துணி, கீழே உருளை. அதில் பிள்ளை தன் எடையைத் தான் தாங்குவதில்லை, கால் விரல் நுனியால் உந்திக்கொண்டு போகிறது. தன் பாதத்தையே அதற்குப் பார்க்க முடியாது. ஒரு நொடியில் 3 அடிக்கு மேல் போய்விடும், பிடிக்க ஓடுவதற்குள் படியோ அடுப்போ வந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதைத் தடைசெய்யக் கோரியது. கனடாவில் 2004-இல் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை வந்துவிட்டது. நடைவண்டியில் பிள்ளை நிற்பது தன் காலில். கையை விட்டால் பொத்தென்று உட்காரும், வண்டி அதைத் தூக்கிக்கொண்டு ஓடாது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்த சாமான் எப்படி வழக்கொழிந்தது என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செய்முறைக்கு வருகிறேன். ஊரில் ஆசாரி தாத்தா ஒருவர் இருக்கிறார். கை நடுங்குவதால் உளி பிடிப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தார். மரம் பூவரசு. வேலி ஓரத்தில் சாய்ந்து கிடந்ததை ஒரு வீட்டில் கொடுத்தார்கள். காய்ந்த மரம்தான் வேண்டும். ஈர மரத்தில் செய்தால் ஒரு மாதத்தில் எல்லா மூட்டும் ஆடும்.

பெயின்ட் அடிக்கவில்லை. வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் பழைய டப்பாக்களைப் பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளை கைப்பிடியைக் கடிக்கும், நிச்சயமாகக் கடிக்கும். உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்து, தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கிப் பூசினோம். அவ்வளவே.

சட்டம் இப்படி: பின்பக்கம் அகன்று முன்பக்கம் குறுகும் இரண்டு நீளக் கட்டைகள். முன்னால் இரண்டுக்கும் நடுவே ஒரு சக்கரம். பின்னால் அச்சுக்கட்டை, அதன் இரு முனையிலும் சக்கரம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 50 செ.மீ., பின் சக்கரங்களுக்கு இடையே 45 செ.மீ. இந்த அகலத்தைக் குறைக்க வேண்டாம், பிள்ளை ஒரு பக்கமாகச் சாயும்போது காப்பாற்றுவது இதுதான். பின்பக்கத்திலிருந்து இரண்டு கால்கள் மேலே எழும், அவற்றின் உச்சியைக் கைப்பிடி இணைக்கும். காலின் நடுவிலிருந்து முன்பக்கக் கட்டைக்குச் சாய்வாக ஒரு முட்டு. எல்லா மூட்டும் ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் நாக்கு என்று இறுக்கி, பெவிகால் வைத்து, குறுக்கே மூங்கில் ஆப்பு அடித்தது. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. ஆணி என்றைக்காவது தலையை நீட்டும்.

கைப்பிடி உயரம் 43 செ.மீ. இந்த அளவு பிள்ளைகளை நிறுத்திப் பார்த்து வந்தது. 1 வயதில் சராசரி உயரம் ஆணுக்குச் சுமார் 76 செ.மீ., பெண்ணுக்கு 74. கைப்பிடி தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வர வேண்டும். உயரமாக இருந்தால் பிள்ளை தொங்கும், தாழ்வாக இருந்தால் குனிந்து தலைகுப்புற விழும். தடிமனுக்கு ஆச்சி ஒருவர் சொன்னதே கணக்கு: "எங்க காலத்துல இதைப் பிடிச்சுத்தான் உங்கப்பன் நடந்தான். கம்பு தடியா இருக்கப்படாது, பிள்ளைக் கைக்கு ஒதுங்கணும்." பிள்ளையின் விரல் முழுக்கச் சுற்றி வளைகிற அளவுக்கு இழைத்தோம். இரண்டரை செ.மீ. விட்டம் வந்தது.

கைப்பிடி பின் அச்சுக்கு நேர் மேலே வரக் கூடாது, நாலு விரற்கடை முன்னால் வர வேண்டும். பிள்ளை எழுந்து நிற்பதற்கே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறும். அந்தப் பாரம் அச்சுக்கு முன்னால் இறங்கினால் வண்டி தரையோடு அமர்ந்திருக்கும், பின்னால் இறங்கினால் வண்டி எழுந்து பிள்ளை மேலேயே சாயும். பிள்ளையை விட்டுச் சோதிக்கிற காரியம் அல்ல இது. மீன்காரரிடம் கொக்கித் தராசு வாங்கி, கைப்பிடியில் மாட்டிப் பின்பக்கமாக இழுத்தோம். வெறும் வண்டியின் முன்சக்கரம் 2 கிலோ இழுப்பிலேயே தரையை விட்டது. முன்பக்கம் ஒரு சின்னப் பெட்டி அடித்து 2 கிலோ தேரி மணலை இரட்டைத் துணிப்பையில் தைத்து வைத்ததும், 4 கிலோ கிட்ட இழுத்தால்தான் எழுந்தது. நடை பழகத் தொடங்கும் பிள்ளைக்கு அந்த மணல்பை கட்டாயம். கால் உறுதியானபின் எடுத்துவிடலாம். அப்போது பெட்டி காலியாகும், பிள்ளை அதில் மரப்பாச்சியைப் போட்டு ஊர்வலம் போகும்.

சக்கரத்துக்குத் தம்பிமார் முதலில் சொன்னது, உருண்டைக் கிளையைக் குறுக்கே வில்லை வில்லையாக அறுத்துவிடலாம் என்பது. வேலை எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் குறுக்கே அறுத்த வில்லை காய்கையில் நடுவிலிருந்து விளிம்பு வரை பிளந்துவிடும். ஆசாரி தாத்தா பேசாமல் பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய வில்லையை எடுத்து நீட்டினார், விரல் நுழைகிற அளவு வெடிப்பு. பலகையிலிருந்து வட்டம் வெட்டுவதுதான் சரி. இரண்டு பலகையை இழை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டி, பிறகு வட்டமாக அறுத்தால் இன்னும் உறுதி. விட்டம் 13 செ.மீ. அகலத்தில் மட்டும் எங்கள் ஊருக்கென்று ஒரு மாற்றம்: வழக்கமான 3 செ.மீ. சக்கரம் தேரி மணலில் புதைந்து நின்றுவிடும், அதனால் தெருவுக்குப் போகும் வண்டிகளுக்கு 5 செ.மீ. வைத்தோம்.

அங்கன்வாடியில் டைல்ஸ் தரை, அங்கே நேர் எதிர்த் தொல்லை. மரச்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், பிள்ளையின் கால் பின்தங்கும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரத்தின் மேல் இழுத்து மாட்டினோம். சக்கரத்துக்கும் கடையாணிக்கும் இடையே ஒரு தோல் வில்லையைச் செருகினால் சுழற்சி இறுகி வேகம் இன்னும் மட்டுப்படும். மெதுவாக உருள்வதுதான் நல்ல நடைவண்டி.

11 மாதப் பெண்குழந்தை ஒன்றை வண்டியின் முன் முதலில் நிறுத்தினோம். சுற்றி நின்ற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அது கைப்பிடியை ஒரு கையால் தொட்டது, நக்கியது, உட்கார்ந்துவிட்டது. பிறகு சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தது. சுற்றும், நிறுத்தும், எங்களைப் பார்க்கும், மறுபடி சுற்றும். பொறுக்காத ஒரு பையன் அதன் இரண்டு கையையும் எடுத்துக் கைப்பிடியில் வைக்கப் போனான். "விடுலே, அதுவா எந்திரிக்கும்" என்றார் அங்கன்வாடி ஆயா. அன்றைக்கு அது எழுந்திருக்கவில்லை. சக்கரத்தோடுதான் விளையாடியது. எழுந்து மூன்று எட்டு வைத்தது பிறகொரு நாள் மத்தியானம், அவள் அப்பா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து "வா தாயி, வா" என்று கூப்பிட்டபோது.

அந்தப் பையன்கள் அடிக்கடி கேட்ட கேள்வி, எந்த மாதத்தில் நடக்க வேண்டும் என்பது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாட்டுப் பிள்ளைகளைப் பல மாதம் பின்தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கைப் பெரிய எழுத்தில் அங்கன்வாடிச் சுவரில் எழுதிவைத்தோம். பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள், சராசரி 12.1. ஒரு மாதத்தைக் குறிக்காமல் இப்படி ஓர் இடைவெளியைக் குறித்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 14 மாதமாகியும் நடக்காத பேத்திக்காகக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டிருந்த ஆச்சிக்கு அந்த எண்களைப் படித்துக் காட்டினோம். தவழாமலே எழுந்து நடந்த ஒரு பிள்ளையின் அம்மா, ஏதோ குறை இருக்குமோ என்று பயந்துபோயிருந்தார். அதே ஆய்வில் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முழங்காலூன்றித் தவழவே இல்லை. ஆனால் 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதினோம்.

தமிழ் எம்.ஏ. படிக்கும் தங்கை ஒருத்தி அந்த எண்களுக்கு எதிரே பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை எழுதினாள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை 5-ஆம் மாதம். இரு கையும் சேர்த்துத் தட்டும் சப்பாணி 9-ஆம் மாதம். தளர்நடை நடந்து வா என்று அழைக்கும் வாரானை 13-ஆம் மாதம். சிறுதேர் 21-இல். புலவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! அந்தப் பட்டியலைப் பார்த்த பின்தான் பையன்கள் சிலர் வீட்டுக்குப் போய்த் தன் தங்கையின் மாதத்தைக் கேட்டு வந்து ஒப்பிட்டார்கள்.

மட்டை வேலி சுருக்கமான வேலை, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டியது. விடிலியைச் சுற்றிப் பனைமட்டைக்குக் குறைவில்லை. மட்டையின் இரு ஓரமும் கருக்கு, கறுப்பாக வாள்பல் போல வரிசையாக இருக்கும், பெரியவர் கையையே கிழித்துவிடும். அரிவாளால் சீவினால் பல் போகும், அடியில் முள்முனை தங்கும். விரலுக்குத் தெரியாது, ஆனால் பழைய பனியன் துணியை மட்டை ஓரத்தில் இழுத்தால் மாட்டும். துணி எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும்வரை அரம் போட வேண்டும். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் இந்தச் சோதனையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஒரு மட்டையையும் விடவில்லை.

உயரம் 60 செ.மீ. மட்டைக்கும் மட்டைக்கும் இடைவெளி 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை சிக்கும். குறுக்குக் கட்டைகளை வெளிப்பக்கம் கட்ட வேண்டும், உள்ளே கட்டினால் அதையே படியாக வைத்து ஏறிவிடும். நார்க்கயிற்றின் முடிச்சுகளும் வெளிப்பக்கமே. நாலு தட்டிகளைக் கட்டினால் ஒரு சதுரம், சீசன் முடிந்தால் அவிழ்த்துச் சாத்திவைக்கலாம். அடுப்புக்கு மிகத் தள்ளி, புகை அடிக்காத பக்கத்தில், அம்மா தலையைத் திருப்பினால் பிள்ளை முகம் தெரிகிற இடத்தில் நிறுத்தினோம். முகம் தெரிய வேண்டும் என்பதை ஒரு தாய்தான் கேட்டார். வேலி மேய்ப்பதில்லை, ஆள்தான் மேய்க்க வேண்டும்.

வேலிக்குள் விளையாட என்ன கொடுப்பது? ஓலைக் கிலுகிலுப்பை எல்லோர் நினைவிலும் வந்தது. ஊரில் அதைப் பின்னத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் பழைய வழக்கப்படி உள்ளே குன்றிமணி போடுவார்கள். குன்றிமணியின் ஓட்டுக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது, கடித்து நொறுக்கினால் உயிருக்கே ஆபத்து. ஓலையைப் பிள்ளை சப்பிச் சப்பி ஊறவைத்துப் பிரித்தும்விடும். கிலுகிலுப்பையைப் பின்னச் சொன்னோம், ஆனால் கைக்கு எட்டாமல் தூளிக்கு மேலே தொங்கவிட்டோம். உள்ளே குன்றிமணியும் இல்லை.

கைக்குக் கொடுக்க, கருப்பட்டி ஊற்றி உடைந்துபோன சிரட்டைகளே கிடைத்தன. சிரட்டையின் அகன்ற பகுதியை ஆக்ஸா பிளேடால் வளையமாக அறுத்து, விளிம்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்டி, மூன்று வளையங்களைத் தடித்த பருத்திக் கயிற்றில் கோத்தோம். ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும், உள்ளே கொட்டிப்போக எதுவும் இல்லை. கயிற்றின் நீளம் ஒரு சாணுக்கு மிஞ்சக் கூடாது, நீண்டால் கழுத்தில் சுற்றும். எந்தச் சாமானாக இருந்தாலும், அதன் உடைந்த துண்டாக இருந்தாலும், 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்க்குள் முழுக்க அடங்கினால் 3 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதி. அந்த அளவில் ஒரு தகரக் குழாயைச் சுருட்டிப் பற்றவைத்து அங்கன்வாடியில் மாட்டியிருக்கிறோம். இப்போது ஆச்சிமார் புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டன், காசு எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்க்கிறார்கள்.

வண்டிகளை யாருக்கும் சொந்தமாகக் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு அது தேவைப்படுவது சில மாதம்தான். அங்கன்வாடியில் ஒரு நோட்டு இருக்கிறது. பிடித்து நிற்கத் தொடங்கிய பிள்ளையின் வீட்டுக்கு வண்டி போகும், தனியாக நடந்ததும் திரும்பி வரும். எடுத்துப் போக அப்பாவோ தாத்தாவோ மாமாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மன்றத்தின் பெண்பிள்ளைகள் ஒரு விதி வைத்தார்கள். யாரும் மறுக்கவில்லை. படிக்கட்டு, திண்ணை விளிம்பு, கிணற்றடி பக்கம் ஓட்டக் கூடாது என்பதையும், ஆள் இல்லாமல் பிள்ளையை வண்டியோடு விடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லி அனுப்புகிறோம்.

திரும்பி வந்த வண்டியை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை இவை. மூன்று கடையாணியையும் விரலால் இழுத்துப் பார்க்கவும், அசைந்தால் புதியது. வீங்கியதோ சுருங்கியதோ மூட்டில் தெரியும், கைப்பிடியை இரு பக்கமும் முறுக்கிப் பார்க்கவும். பல் பதிந்த இடத்தில் சிலாம்பு கிளம்பியிருக்கும், அங்கே மட்டும் உப்புத்தாள் போட்டு மெழுகெண்ணெய் தடவவும். மணல்பையின் தையலைக் கட்டாயம் பார்க்கவும். மழைக்காலம் வருகிறது, ஈரத்தில் வைத்திருந்த வண்டி என்றால் நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திவிட்டுக் கொடுங்கள்.